மாடல் ரயில் எஞ்சினில் டிகோடர் புரோகிராமிங்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை ரயிலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு என்றைக்காவது அதை மேசை மேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். தண்டவாளம் போடுவார்கள், அட்டையில் மலை கட்டுவார்கள், எஞ்சின் வாங்குவார்கள், அப்புறம் எஞ்சினுக்குள் வைக்கும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகையில் வந்து நிற்பார்கள். குன்னூரிலும் அருவங்காட்டிலும் ஊட்டியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "புரோகிராம் ஏறவில்லை" என்று கொண்டுவரப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு புரோகிராமில் இருக்காது. சக்கரத்தில் அழுக்கு, சரியாகப் பற்றாத சால்டரிங், சட்டகத்தைத் தொடும் மோட்டார் பிரஷ் என்று கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். கீழே வரும் பதில்களில் பாதி அதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

டிகோடர் உண்மையில் என்ன செய்கிறது?

பழைய டி.சி. (நேர் மின்சாரம்) முறையில் தண்டவாளத்தில் எத்தனை வோல்ட் விடுகிறோமோ அத்தனை வேகம். ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டளை முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எச்.ஓ. என்ற மாடல் அளவுக்கு ஏறக்குறைய 14, 15 வோல்ட். அது ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருக்கும், கட்டளையும் அந்தத் திசை மாற்றத்திலேயே போகிறது. ஒரு பாதி 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. நூறு மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிற மாதிரி கட்டளை எல்லா எஞ்சினுக்கும் கேட்கும், யாருடைய முகவரி வருகிறதோ அது மட்டும் செயல்படும். மோட்டாருக்கும் விளக்குக்கும் எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதை எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும் டிகோடர் பார்த்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாடல் ரயில் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கன்ட்ரோலரில் தகராறு இல்லாமல் ஓடுவது இதனால்தான்.

சி.வி., சி.வி. என்கிறார்களே, அது என்ன?

டிகோடருக்குள் எண் போட்ட நினைவிடங்கள் இருக்கின்றன, அவைதான் சி.வி. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதலாம். சி.வி. 1 முகவரி, சி.வி. 3 வேகம் கூடும் விதம், சி.வி. 4 வேகம் குறையும் விதம், இப்படி. டிகோடரை புரோகிராம் செய்வது என்றால் இந்த எண்களை மாற்றுவது, அவ்வளவுதான். கணினி மொழி எதுவும் தெரிய வேண்டாம்.

மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின் வேண்டும். எந்த அளவில் தொடங்குவது?

நம் பாதை மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மி.மீ. எச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் பதினொன்றரை மி.மீ. வரும், நடைமுறையில் 12 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துவார்கள். அதற்கு எச்.ஓ.எம். என்று பெயர். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்கு பெமோ கம்பெனி இந்த அளவில் எஞ்சின்கள் செய்கிறது, பல்சட்டப் பாதையும் (நடுவே பல் வைத்த சட்டம் போட்ட பாதை) உண்டு. சொந்தமாக உடல் செய்கிறவர்கள் டி.டி. என்ற இன்னொரு மாடல் அளவு எஞ்சினின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் 12 மி.மீ. தான்.

சுவிஸ் மாடலை வாங்கி நம் ஊர்ப் பாதையில் ஓட்டுவது அப்படியொன்றும் அந்நியமான காரியம் இல்லை. எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களை முதலில் கட்டியதே வின்டர்தூரில் இருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலைதான். கல்லாறு முதல் குன்னூர் வரை நாம் பார்க்கும் ஆப்ட் வகைப் பல்சட்டம் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதையிலும் இருக்கிறது. அந்தப் பாதைக்காக அதே தொழிற்சாலை 1913, 14-இல் கட்டிய நீராவி எஞ்சின்களில் சில 1947-இல் வியட்நாமின் தலாத் மலைப்பாதைக்கு விற்கப்பட்டு, 1990-இல் திரும்பவும் சுவிட்சர்லாந்துக்கே வந்து சேர்ந்தன. இதற்கும் டிகோடருக்கும் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் போக மனசு வரவில்லை.

என்னிடம் சாதாரண டி.சி. எஞ்சின் இருக்கிறது. அதில் டிகோடர் போட முடியுமா?

முடியும். முதலில் உடலைக் கழற்றி உள்ளே சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு முள், ஆறு முள், நெக்ஸ்ட் 18, பிளக்ஸ் 22, 21 முள் என்று பல வகை உண்டு. சாக்கெட் இருந்தால் அதில் இருக்கும் டம்மி பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிகோடரைச் செருகினால் வேலை முடிந்தது.

சாக்கெட் இல்லாவிட்டால் கம்பி இழுக்க வேண்டும். நிறங்கள் தரப்படுத்தப்பட்டவை. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், நீலம் விளக்குகளுக்கான பொதுப் பாசிட்டிவ், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, பச்சையும் ஊதாவும் கூடுதல் ஃபங்ஷன்கள்.

இதில் உயிர்நாடியான விஷயம் ஒன்று. மோட்டாரின் இரண்டு முனைகளும் தண்டவாளத்தோடு எந்த வழியிலும் நேரடித் தொடர்பில் இருக்கக் கூடாது. பழைய எஞ்சின்களில் ஒரு பிரஷ் உலோகச் சட்டகத்தைத் தொட்டபடியே இருக்கும், சட்டகம் வழியாகத்தான் மின்சாரம் வரும். அதை அப்படியே விட்டு டிகோடரை இணைத்தால், மின்சாரம் கொடுத்த கணத்தில் டிகோடர் புகைந்துவிடும். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே தொட்டுப் பாருங்கள். நான்கு முறையும் சத்தம் வரக் கூடாது. இந்தச் சோதனையை முடிக்காமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கவே வேண்டாம்.

அடுத்தது மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்பது. டி.சி.யில் 12 வோல்ட் கொடுத்து, சக்கரம் சுழலாதபடி ஒரு நொடி மட்டும் அழுத்திப் பிடித்து ஆம்பியர் பாருங்கள். சாதாரண எச்.ஓ. டிகோடர் ஒரு ஆம்பியர் அளவில் தாங்கும். இப்போதைய மோட்டார்கள் அதற்குள் அடங்கிவிடும். தாத்தா காலத்து எஞ்சின் என்றால் அடங்காமல் போகலாம், அப்போது பெரிய டிகோடர் தேடுங்கள் அல்லது மோட்டாரையே மாற்றுங்கள்.

எந்த டிகோடர் நல்லது?

கம்பெனிப் பெயரை வைத்துச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை (பேக் ஈ.எம்.எஃப்.) பார்த்து வேகத்தைச் சீராக்கும் வசதி கட்டாயம் வேண்டும். மலைப்பாதைக்கு அது இல்லாத டிகோடர் வீண். அப்புறம் எஞ்சினுக்குள் நுழையும் அளவா என்று பாருங்கள். சத்தம் வருமா வராதா என்பது அதற்கும் பின்னால்தான்.

கன்ட்ரோலருக்கு நிறையச் செலவாகுமே?

ஆக வேண்டியதில்லை. டி.சி.சி.-இ.எக்ஸ். என்று இலவச மென்பொருள் இருக்கிறது. ஆர்டுவினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகை, அதன் மேல் மோட்டார் ஷீல்டு, ஒரு பவர் அடாப்டர் இருந்தால் தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷன் தயார். பாகங்கள் கோயம்புத்தூர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். ஷீல்டில் இரண்டு வெளியீடுகள் உண்டு. ஒன்று ஓட்டுவதற்கான பிரதானத் தடம், மற்றது புரோகிராமிங் தடம். ஷீல்டில் "வி-இன்" என்று குறித்த இணைப்பைத் துண்டிக்க மறக்காதீர்கள். துண்டிக்காவிட்டால் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் 14, 15 வோல்ட் ஆர்டுவினோவுக்கும் போய் அதைச் சூடாக்கும்.

கணினியில் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளின் டிகோடர்புரோவைப் போட்டுக்கொண்டால் சி.வி. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். முகவரி, வேகம், விளக்கு என்று பெயரோடு காட்டும். அதுவும் இலவசம், பழைய லேப்டாப்பே போதும். ஒவ்வொரு எஞ்சினின் அமைப்பையும் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன்.

புரோகிராமிங் தடம் தனியாக எதற்கு? ஓடும் தடத்திலேயே செய்யக் கூடாதா?

இரண்டு காரணங்கள். ஓடும் தடத்தில் முகவரி சொல்லாமல் எழுதும் கட்டளை கொடுத்தால் அங்கே நிற்கும் எல்லா எஞ்சினும் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரே ராத்திரியில் எல்லா எஞ்சினும் ஒரே முகவரிக்கு மாறிவிட்ட வீடுகள் உண்டு. இரண்டாவது, புரோகிராமிங் தடத்தில் மின்சாரம் 250 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். கம்பி தப்பாக இணைந்திருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் பிழைத்துக்கொள்ளும். அதனால் புதிதாக டிகோடர் போட்ட எஞ்சினை முதலில் புரோகிராமிங் தடத்தில் வைத்து சி.வி. 8-ஐப் படியுங்கள். அதில் தயாரிப்பாளர் எண் இருக்கும். லென்ஸ் 99, டிஜிட்ராக்ஸ் 129, சிமோ 145, ஈ.எஸ்.யூ. 151. சரியான எண் வந்தால்தான் பிரதானத் தடத்துக்குப் போகலாம்.

முகவரி சொல்லி ஒரு எஞ்சினுக்கு மட்டும் ஓடும் தடத்திலேயே எழுதும் வசதியும் இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேக அமைப்பைத் திருத்த அது அருமையான வழி. ஆனால் டிகோடர் பதில் அனுப்ப உதவும் ரயில்காம் வசதி இல்லாவிட்டால் அந்த முறையில் எழுத மட்டுமே முடியும், படிக்க முடியாது.

முகவரியை எப்படி மாற்றுவது? எஞ்சின் எண்ணையே முகவரியாக வைக்கலாமா?

புது டிகோடர் எல்லாம் 3 என்ற முகவரியோடு வரும். ஒன்று முதல் 127 வரையான குறு முகவரி போதும் என்றால் சி.வி. 1-இல் அந்த எண்ணை எழுதினால் சரி.

எஞ்சின் எண்ணை வைப்பதுதான் அழகு. உதாரணமாக 37392 என்ற எக்ஸ் கிளாஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஐந்து இலக்கம் கொள்ளாது, அதனால் கடைசி நான்கு: 7392. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இதை நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்காத கன்ட்ரோலர் என்றால் கணக்குப் போடுங்கள். 7392-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 28, மீதி 224. ஈவோடு 192-ஐக் கூட்டினால் 220, அது சி.வி. 17-இல். மீதி 224 சி.வி. 18-இல். இரண்டையும் எழுதிவிட்டு, நெடு முகவரியைப் பயன்படுத்து என்று சி.வி. 29-இல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு "முகவரி மாறவே இல்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த சி.வி. 29 தலையைச் சுற்றுகிறது.

கூட்டல் தெரிந்தால் போதும். வேண்டிய வசதிகளின் எண்களைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதுகிறோம்.

எஞ்சின் முன்னே என்றால் பின்னே போகிறது, அதைத் திருப்ப வேண்டும் என்றால் 1. இப்போதைய 28, 128 வேகப் படிகளுக்கு 2. பழைய டி.சி. தடத்திலும் ஓட வேண்டும் என்றால் 4. ரயில்காமுக்கு 8. சொந்தமாக வேக அட்டவணை போட 16. நெடு முகவரிக்கு 32.

பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 6 அல்லது 14 இருக்கும். நம் 7392 எஞ்சினுக்கு 2, 4, 32 மூன்றையும் கூட்டி 38. டி.சி. தடத்தில் ஓட்டப் போவதில்லை என்றால் அந்த 4-ஐ எடுத்துவிட்டு 34 எழுதுங்கள். எடுப்பது நல்லது என்பேன். காரணம் கடைசிக் கேள்வியில் வரும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட முன் விளக்கு எரிந்து அணைந்து எரிகிறது என்று ஒரு புகார் உண்டு. கன்ட்ரோலர் 28 படியிலும் டிகோடர் 14 படியிலும் இருந்தால் அப்படித்தான் ஆகும். சி.வி. 29-இல் அந்த 2 விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

எஞ்சின் ராக்கெட் மாதிரி பாய்கிறது. மலை ரயில் மாதிரி மெதுவாகப் போக என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், கடைசியில் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. அதை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வண்டி நம்முடையது. பல்சட்டத்தில் மணிக்கு 13 கி.மீ., மற்ற இடத்தில் அதிகபட்சம் 30 கி.மீ. கடையிலிருந்து வரும் மாடல் எஞ்சின் அதற்குப் பல மடங்கு வேகத்தில் ஓடும். எவ்வளவு நுணுக்கமாக மலையும் பாலமும் கட்டியிருந்தாலும் எஞ்சின் அந்த வேகத்தில் ஓடினால் பொம்மையாகிவிடும்.

எச்.ஓ. கணக்கில் 13 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு நான்கு செ.மீ. சொச்சம். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சாக்பீஸால் குறியிடுங்கள். அதைக் கடக்க 24 விநாடி ஆனால் பல்சட்ட வேகம். பத்து விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கி.மீ. கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதலில் சி.வி. 3, 4 இரண்டையும் 0 ஆக்குங்கள், அளக்கும்போது அவை குறுக்கே வரும். கன்ட்ரோலரை முதல் படியில் வைத்து, எஞ்சின் ஊர்ந்து நகரத் தொடங்கும் வரை சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நகர்ந்தவுடன் நிறுத்திவிடுங்கள். பிறகு கன்ட்ரோலரைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோய், ஒரு மீட்டருக்குப் பத்து விநாடி ஆகும் வரை சி.வி. 5-ஐக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சில பழைய டிகோடர்களில் சி.வி. 5-இன் உச்சம் 255 இல்லை, 64-தான். கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சி.வி. 6 நடு வேகம். சி.வி. 2-க்கும் 5-க்கும் சரிபாதியைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தால் கீழ்ப் படிகளில் கைக்கு நல்ல பிடி கிடைக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு சி.வி. 3-க்கும் 4-க்கும் திரும்ப வாருங்கள். தரப்படி, சி.வி. 3-இல் எழுதும் எண்ணை 0.9-ஆல் பெருக்கினால் நின்ற இடத்திலிருந்து முழு வேகம் பிடிக்க ஆகும் விநாடிகள் கிடைக்கும். 20 எழுதினால் சுமார் 18 விநாடி. சில கம்பெனிகள் வேறு கணக்கு வைத்திருக்கும். சி.வி. 4-ஐ நான் எப்போதும் 3-ஐவிடக் குறைவாகவே வைப்பேன். விளிம்பில் நிறுத்த முடியாமல் எஞ்சின் மேசையிலிருந்து விழுந்தால், குன்னூரில் அதற்கு மெக்கானிக் கிடையாது.

ஏற்றத்தில் திணறுகிறது, இறக்கத்தில் ஓடுகிறது. எந்த சி.வி.?

அதைப் பார்த்துக்கொள்வது பேக் ஈ.எம்.எஃப். கட்டுப்பாடு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை டிகோடர் நொடிக்குப் பல முறை நிறுத்தி, அந்த இடைவெளியில் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளக்கும். அதை வைத்து உண்மையான வேகத்தைக் கண்டுபிடித்து, ஏற்றத்தில் கூட்டிக் கொடுக்கும், இறக்கத்தில் குறைக்கும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஈ.எஸ்.யூ.வின் புதிய டிகோடர்களில் வசதி அதிகம். சி.வி. 54-இல் 0 எழுதி கன்ட்ரோலரின் எஃப் 1 பட்டனை அழுத்தினால், எஞ்சின் தன் மோட்டாரைத் தானே அளந்து அமைத்துக்கொள்ளும். அப்படி அளக்கும்போது சட்டென்று முழு வேகத்தில் பாயும். நேரான, சமதளமான, நீளமான தடத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஆனால் டிகோடரால் ஆகாதது ஒன்று உண்டு. கல்லாறு - குன்னூர் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது எட்டு சதவீதத்துக்கும் மேல். சாதாரண மாடல் எஞ்சின் நான்கு சதவீதத்திலேயே பெட்டிகளோடு வழுக்கும். சக்கரம் நின்ற இடத்தில் சுழல்கிறது என்றால் எந்த சி.வி.யும் உதவாது. எடை ஏற்றுங்கள், பெட்டியைக் குறையுங்கள், அல்லது பல்சக்கரம் உள்ள எஞ்சினுக்குப் போங்கள். உலோகப் பல்சட்டம் போட்டால் அது இரண்டு தண்டவாளத்தையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷார்ட் ஆகும்.

நம் வண்டியில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளும். மாடலிலும் அப்படியே தள்ளி ஓட்டினால் வளைவில் பெட்டி தடம் புரளுவது உண்டு. வேகம் ஏறும்போது வரும் குலுக்கலைக் குறைத்தால் பாதி சரியாகும். அதற்கு சி.வி. 3-ஐக் கூட்டுங்கள்.

"படிக்க முடியவில்லை", "பதில் இல்லை" என்று கன்ட்ரோலர் சொல்கிறது. டிகோடர் போச்சா?

அநேகமாக இல்லை. டிகோடர் எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்தால் காரணமும் புரியும். அதற்கு வாய் கிடையாது. "இந்த பிட் 1-ஆ?" என்று கன்ட்ரோலர் கேட்கும். ஆமாம் என்றால் டிகோடர் மோட்டாரை 6 மில்லி விநாடி இயக்கி, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும். படிக்கும்போது எஞ்சின் துக்குத் துக்கென்று அதிர்வது அதனால்தான்.

அப்படியானால் மோட்டார் கம்பி விட்டுப்போயிருந்தால் பதில் வராது. மோட்டார் மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும் வகை என்றாலும் வராமல் போகலாம். சக்கரமோ தண்டவாளமோ அழுக்காக இருந்தால் அந்த 6 மில்லி விநாடியில் தொடர்பு அறுந்து பதில் தொலையும். அதனால் முதலில் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தண்டவாளத்தையும் எல்லாச் சக்கரத்தையும் துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள். அதற்கும் வராவிட்டால் எஞ்சினை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துப் படியுங்கள். இப்போது வந்துவிட்டால் மின்சாரம் எடுக்கும் தகடுதான் சரியாகத் தொடவில்லை.

சத்தம் தரும் டிகோடர், மின்சாரம் சேமிக்கும் பெரிய கப்பாசிட்டர் ஆகியவை இருந்தால் கதை வேறு. கப்பாசிட்டர் நிரம்பும்போது புரோகிராமிங் தடத்தின் 250 மில்லி ஆம்பியர் எல்லையைத் தாண்டிவிடும், கன்ட்ரோலர் ஷார்ட் என்று நினைத்துக்கொள்ளும். கப்பாசிட்டரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் படியுங்கள்.

படிக்க வருகிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்றால் பூட்டைச் சந்தேகியுங்கள். சில டிகோடர்களில் சி.வி. 15, 16 இரண்டும் பூட்டும் சாவியும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் திறக்கும். இரண்டாம் கையாக வாங்கிய எஞ்சினில் இது அடிக்கடி தலைகாட்டும்.

என்னென்னவோ மாற்றிவிட்டேன். ஆரம்பத்துக்குப் போக வழி?

பெரும்பாலான டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். முகவரி மறுபடி 3. சில கம்பெனிகள் வேறு எண் கேட்கும்.

டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. தடத்தில் வைக்கலாமா?

வேண்டாம். உறுமும், சூடாகும், கோர் இல்லாத மோட்டார் என்றால் எரிந்தே போகும்.

எல்.இ.டி. போட்டேன், பளிச்சென்று எரிந்து செத்துப்போனது.

ரெசிஸ்டர் போடவில்லை. நீலக் கம்பியில் ஏறக்குறைய தண்டவாள வோல்ட் அப்படியே வரும், எல்.இ.டி.க்கு வேண்டியது மூன்று வோல்ட். 1 கிலோ ஓம் வைத்தால் 11 மில்லி ஆம்பியர் போகும், அதுவே கண்ணைக் கூசும். 2.2 கிலோ ஓம் வைத்தால் பழைய எஞ்சின் விளக்கின் மங்கலான ஒளிக்குப் பக்கத்தில் வரும். நீளமான கால் நீலத்துக்கு, குட்டையான கால் வெள்ளைக்கோ மஞ்சளுக்கோ.

மலை ரயிலின் சத்தம் அப்படியே வருமா?

குன்னூருக்கு மேலே ஓடும் டீசலுக்கு ஏறக்குறைய வரும். அந்த ஒய்.டி.எம். 4 வகை டீசல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு, ஆறு சிலிண்டர் 251 எஞ்சின். சத்தக் கோப்புகளின் பட்டியலில் ஆறு சிலிண்டர் ஆல்கோ 251 என்று தேடுங்கள். பன்னிரண்டு சிலிண்டர் கோப்பைப் போட்டால் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும்.

நீராவிக்குத்தான் சிக்கல். சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை "சுக்" என்னும். கிடைக்கும் கோப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். எக்ஸ் கிளாஸ் நான்கு சிலிண்டர் காம்பவுண்டு. சமதளத்தில் உயர் அழுத்த சிலிண்டர்கள் இரண்டும் சக்கரத்தை மட்டும் ஓட்டும், அப்போது இந்தக் கோப்பு பொருந்தும். கல்லாறு தாண்டிப் பல்சட்டத்தில் ஏறியதும் அந்த நீராவி தாழ் அழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். புகைபோக்கியில் கேட்பது அந்த சிலிண்டர்களின் மூச்சு, வெளியே தெரியும் சக்கரத்தின் தாளத்தோடு அது ஒட்டாது. ஹில்குரோவ் பக்கம் நின்று கேட்டவர்களுக்கு இது தெரியும். இரண்டு சத்த அமைப்புகளை ஏற்றி ஒரு ஃபங்ஷன் பட்டனில் மாற்றிக்கொள்ளும் டிகோடர் கிடைத்தால் முயன்று பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் எஞ்சினுக்குச் சத்தமே வேண்டாம். அந்தக் காசில் நல்ல மோட்டார் கட்டுப்பாடு உள்ள சத்தமில்லா டிகோடர்கள் இரண்டு வாங்கலாம்.

மழைக்காலத்தில் ஓட மறுக்கிறது. ஊட்டி குளிர் காரணமா?

குளிர் நேரடிக் காரணம் இல்லை, ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போய் மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் தண்டவாளம் அவ்வளவு மோசமில்லை. சாண்ட்பேப்பரால் மட்டும் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் தங்கும். எஞ்சினைக் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர்த்துளி கோக்கும், கொஞ்ச நேரம் பெட்டியோடு வைத்திருந்து பிறகு ஓட்டுங்கள். ஓட்டாத மாதங்களில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும்.

மார்கழி, தையில் பிரச்சினை தலைகீழ். உறைபனிக் காலத்தின் காய்ந்த காற்றில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிகோடரைத் தொட்டால் உடம்பில் சேர்ந்த நிலை மின்சாரமே அதைக் கொன்றுவிடும். வேலைக்கு உட்காரும் முன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள். குளிரத்தான் செய்யும், பருத்திச் சட்டையை இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் எழுதிய சி.வி. எல்லாம் அழிந்துவிடுமா?

அழியாது. மின்சாரம் இல்லாமலே நிலைத்திருக்கும் நினைவகம் அது. எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் போனால்தான் அந்த ஒரு சி.வி. அரைகுறையாகும், மறுபடி எழுதிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது கரண்ட் திரும்பி வரும்போது. வோல்ட் ஏறி இறங்கி நிலைக்கு வரும் அந்தச் சில கணங்களில், டி.சி.யிலும் ஓடும்படி அமைந்த டிகோடர் தண்டவாளத்தில் இருப்பது டி.சி. என்று தவறாக எண்ணி, எஞ்சினை முழு வேகத்தில் கிளப்பிவிடக்கூடும். மரம் விழுந்து அடிக்கடி லைன் போகும் நம் ஊரில் இது சும்மா வந்துபோகும் பயம் இல்லை. சி.வி. 29-இல் 38-க்குப் பதில் 34 எழுதச் சொன்னது இதற்காகத்தான். கமாண்ட் ஸ்டேஷனை ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டிவைத்தால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டருக்கு வைத்திருப்பதிலேயே ஒரு பிளக் காலியாக இருக்கும்.